பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: கேரவன் தண்ணீர்க் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கேரவனில் தண்ணீர் நின்றுவிட்டால் உடனே பம்பைக் கழற்றுகிறார்கள். புதுப் பம்ப் வாங்கி மாட்டிய பிறகும் பைப்பில் காற்றுதான் வருகிறது. பம்ப் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் அல்ல. டேங்கிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் அரை மீட்டர் ஹோஸ், அதன் கிளிப்பு, வடிகட்டிக் கிண்ணத்தின் ரப்பர் வளையம், பேட்டரியிலிருந்து வரும் வயரின் முனை, இவைதான் முதலில் கெடும். எல்லாமே சில மலேசிய வெள்ளியில் முடிகிற வேலை. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. பம்ப், ஹீட்டர், டேங்கி கடைசியில்.

இது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரை இழுப்பது) வைத்த இழுவைக் கேரவன், மோட்டார்ஹோம், வேனை மாற்றிக் கட்டிய கேம்பர் மூன்றுக்கும் பொருந்தும். டேங்கித் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்னப் பம்ப் வைத்த வண்டி என்றால் பம்பைப் பற்றிச் சொல்வதில் மின்சாரச் சோதனை மட்டும் பொருந்தும். குழப்பம் வராமலிருக்க ஒன்று: கீழே ‘பைப்பு’ என்பது திறந்து மூடுவது, ‘குழாய்’ என்பது சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடுவது.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், டார்ச் லைட், ஸ்குரூடிரைவர், 1 மீட்டர் தெளிவான ஹோஸ் (உங்கள் பம்பின் வாய்க்குப் பொருந்தும் அளவில்), 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மூன்று, ஹோஸ் கிளிப்பு நாலைந்து, வெள்ளை டேப், வடிகட்டிக்கு ஒரு மாற்று ரப்பர் வளையம், லிட்டர் கோடு போட்ட வெள்ளை வாளி. வாளி கண்டிப்பாக வெள்ளையாக இருக்கட்டும். காரணம் நிறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும்.

முதலில் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

கேரவனுக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று டேங்கியிலிருந்து பம்ப் வழியாக. மற்றொன்று வெளிப் பைப்பில் ஹோஸ் மாட்டி, பம்பைத் தொடாமல் நேராக. இரண்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பம்பில் மட்டும் கோளாறு என்றால் டேங்கிப் பக்கம் தேடுங்கள். வெளிப் பைப்பில் மட்டும் என்றால் ஹோஸ், அழுத்தக் கட்டுப்படுத்தி, வண்டியின் நுழைவாய். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் குடிநீர் ஃபில்டர் (பம்பின் வாயிலிருக்கும் வடிகட்டி வேறு), ஹீட்டர், பைப்பு முனைகள். இந்தப் பிரிப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அறிகுறி 1: சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை

எல்லா பைப்பும் மூடியிருந்து குழாயில் அழுத்தம் இருந்தால் பம்ப் ஓடாது; அது கோளாறல்ல. ஒரு பைப்பைத் திறந்து வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். சில வண்டிகளில் சமையல் மேடை அருகே ஒன்று, குளியலறையில் ஒன்று என இரண்டு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். போன ஃபியூஸை மாற்றியதும் மறுபடி போனால் பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டாதீர்கள். பம்ப் இறுகியிருக்கிறது, அல்லது வயர் எங்கோ தோலுரிந்து உரசுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பேட்டரி. ஈய பேட்டரி நிறைவாக இருந்தால் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் சுற்றிக் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை முழுவதுமாகத் துண்டித்திருக்கலாம்; சார்ஜர் மாட்டினால் எழுந்துவிடும்.

பேட்டரி 12.6 காட்டுகிறது, பம்ப் முனையில் 11க்கும் கீழே என்றால் நடுவில் வோல்ட் தொலைகிறது. பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலோரம் அடிக்கடி நிறுத்தும் வண்டிகளில் வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கும். கழற்றி, மணல்தாளால் தேய்த்து, புது முனை நசுக்கி மாட்டுங்கள். தரைவயரை மறக்காதீர்கள், சேசிஸில் முடுக்கிய போல்ட் துருப்பிடித்திருந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. வயர் மெலிதாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக மாற்றுங்கள்.

பம்ப் முனையில் 12 வோல்ட் வருகிறது, இன்னும் ஓடவில்லை: தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மோட்டாரின் வெப்பத் துண்டிப்பு வேலை செய்திருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடும். ஆனால் அவ்வளவு சூடு ஏன் ஏறியது என்று பாருங்கள். டேங்கி காலியாகிப் பம்ப் நீண்ட நேரம் வெறுமனே ஓடியிருக்கலாம்.

சூடும் இல்லையென்றால் அழுத்த சுவிட்ச். பம்பின் தலைப்பக்கத்தில் இரண்டு முனை உள்ள சின்னக் கறுப்புப் பெட்டி அது. ஒரு பைப்பைத் திறந்து வைத்து, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இரண்டு விநாடி மட்டும் இணையுங்கள். பம்ப் ஓடினால் மோட்டார் நலம், சுவிட்ச்தான் போயிருக்கிறது. சுவிட்ச் தனியாகக் கிடைக்கும். முழுப் பம்ப் வாங்க வேண்டாம். இணைத்தும் ஓடவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது. இப்போது புதுப் பம்ப் வாங்கலாம்.

அறிகுறி 2: பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

டேங்கியில் தண்ணீர் இருப்பதை டேங்கியின் அளவு மீட்டரில் பார்க்காதீர்கள். டேங்கியைத் தட்டிப் பாருங்கள், அல்லது வடிகால் மூடியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தண்ணீர் இருந்தும் வரவில்லை என்றால் வண்டி சாய்ந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். கேமரன் மலையிலும் கெந்திங் அடிவாரத்திலும் சரிவில் நிறுத்தினால் கால் டேங்கித் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடிவிடும். உறிஞ்சும் வாய் மறு மூலையில் காற்றைக் குடிக்கும். வண்டியைச் சமப்படுத்தினாலே சரியாகிவிடும்.

அமெரிக்கக் கேரவன் என்றால் பம்புக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு இருக்கும். குளிர்நாட்டில் குழாய் உறையாமலிருக்க விடும் மருந்தை உறிஞ்ச வைத்தது. நமக்கு அது தேவையே இல்லை. ஆனால் சாமான் வைக்கும்போது கை பட்டோ பெட்டி இடித்தோ திரும்பிவிடும். திரும்பினால் பம்ப் டேங்கியை விட்டுவிட்டு வெறும் குழாயை உறிஞ்சும். கைப்பிடி டேங்கிப் பக்கம் இருக்கும்படி வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

இனி வடிகட்டி. பம்பின் உறிஞ்சும் வாயில் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். டார்ச் அடித்து, பம்பை ஓடவிட்டு, கிண்ணத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். இங்கே தெரிவதுதான் கோளாறின் முகவரி.

*கிண்ணம் நிறையத் தண்ணீர், வலையில் தூசி:* திருகிக் கழற்றி வலையைக் கழுவுங்கள். புது வண்டியில் முதல் சில மாதம் டேங்கியைத் துளையிட்டபோது விழுந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்கள் இங்கே சேரும். பழைய வண்டியில் சேறும் பாசியும்.

*கிண்ணத்துக்குள் நூல் மாதிரி காற்றுக்குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது:* காற்று கசிகிறது. உறிஞ்சும் பக்கக் கசிவில் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் ஈரம் தேடி ஏமாறாதீர்கள். கிண்ணத்தைக் கழற்றி ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வளையம் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் நசுங்கி, அந்த இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு இருந்தால் அதுதான் காரணம். வளையத்தை மாற்றி, உணவுக்கு உகந்த சிலிக்கோன் கிரீஸை விரலால் தடவி, கையால் மட்டும் திருகுங்கள். இடுக்கி வைத்துத் திருகினால் கிண்ணத்தின் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். அப்புறம் வளையம் மாற்றியும் பலன் இல்லை. அடுத்து டேங்கி வரை உள்ள ஒவ்வொரு கிளிப்பையும் முடுக்குங்கள். வெயிலில் ஹோஸ் இளகி, கிளிப்பு தளர்வது நம் ஊரில் சாதாரணம்.

*கிண்ணம் வறண்டு கிடக்கிறது:* வாளிச் சோதனை செய்யுங்கள். டேங்கி ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றி, தெளிவான ஹோஸை மாட்டி, மறுமுனையை நிறைந்த வாளியில் விடுங்கள். இருப்பதில் தாழ்வான குளிர்நீர்ப் பைப்பு ஒன்றைத் திறந்து பம்பைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் ஏறினால் பம்ப் நலம்; கோளாறு டேங்கியிலோ அதன் ஹோஸிலோ. ஹோஸ் எங்கோ மடிந்திருக்கும், அல்லது டேங்கிக்குள் இருக்கும் உறிஞ்சும் குழாய் கழன்று விழுந்திருக்கும். ஏறாவிட்டால் ஹோஸில் தண்ணீர் ஊற்றி நிரப்பி மறுபடி முயலுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் பம்பின் வால்வில் குப்பை சிக்கியிருக்கிறது, அல்லது டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. தலைப்பகுதியின் ஸ்குரூக்களைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம். சில பம்புகளுக்குத் தலைப்பகுதி தனியாகவே கிடைக்கும்.

டேங்கிக்குள் குழாய் கழன்றிருந்து, டேங்கி வண்டிக்கு அடியில் தொங்குவதாக இருந்தால் நீங்களே இறக்க வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பாதி காலி செய்தாலும் ஜாக்கி மேல் நம்பி அடியில் படுக்கிற எடை அல்ல. பட்டறையில் விடுங்கள்.

அறிகுறி 3: யாரும் பைப்பைத் திறக்கவில்லை, பம்ப் அவ்வப்போது தானாக ஓடுகிறது

நள்ளிரவில் இரண்டு விநாடி ‘டர்ர்ர்’ என்று ஓடி நிற்கும். அழுத்தம் எங்கோ குறைகிறது என்று பொருள். கசிவு சின்னதுதான், ஆனால் மரத் தரைக்கடியில் என்றால் இரண்டு மாதத்தில் தரை ஊறிப் போகும். இதை ஒத்திப் போடாதீர்கள்.

முதலில் கசிவு உண்மையா என்று உறுதி செய்யுங்கள். பம்பைப் போட்டு அழுத்தம் ஏறி நின்றதும் சுவிட்சை அணையுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. பிறகு ஒரு பைப்பைத் திறங்கள். ‘புஸ்’ என்று வேகமாக வந்து தணிந்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. திறந்ததும் வெறுமனே வடிந்தால் கசிவு இருக்கிறது.

தேடும் வரிசை இது. கழிவறையின் மிதி வால்வு: கிண்ணத்தைத் துடைத்துவிட்டு உள்விளிம்பில் டிஷ்யூ தாளை ஒட்டி வையுங்கள், நனைந்தால் அங்கேதான். வெளிப்புற ஷவர்: மூடியைத் திறந்து பார்த்தால் ஷவரின் கைப்பிடியில் மட்டும் நிறுத்தியிருப்பார்கள், பின்னால் இரண்டு பைப்பும் திறந்தே இருக்கும். ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு: சொட்டிக்கொண்டிருக்கலாம். தாழ்வான வடிகால் பைப்புகள்: வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அதன் பிறகு அலமாரிகளைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த தாளால் சுற்றித் தொடுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளுக்குத் தெரியும்.

எங்கும் ஈரமே இல்லையா? அப்படியானால் தண்ணீர் பின்னால் போகிறது. பம்பின் திரும்பா வால்வு தேய்ந்து தண்ணீர் டேங்கிக்கே திரும்புகிறது, அல்லது வெளிப்பைப்பு மாட்டும் நுழைவாயின் வால்வு கசிகிறது. பம்பை ஓட்டும்போது நுழைவாயில் சொட்டு தெரிந்தால் இரண்டாவது. அங்கே ஒரு மூடி திருகி வைத்தால் பயணம் முடியும்வரை தாங்கும். பம்பின் வால்வு என்றால் பம்புக்கு அடுத்தாற்போல் ஒரு தனித் திரும்பா வால்வைப் பொருத்திவிடலாம். புதுப் பம்பைவிட எவ்வளவோ மலிவு.

பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அழுத்தம் நிற்கும் அளவை எட்டவில்லை. வழக்கமாக அந்த அளவு 45 அல்லது 55 பி.எஸ்.ஐ. பேட்டரி பலவீனம், காற்றுக்கசிவு, தேய்ந்த டயாஃப்ரம் என்ற வரிசையில் பாருங்கள்.

சுவருக்குள் ஈரம், தரை மெத்தென்று அமுங்குகிறது, மின்பெட்டி அருகே தண்ணீர் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பம்பை அணைத்து, வெளி மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 240 வோல்ட் பக்கத்தைத் தொடுகிறவர் சுருஹன்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனாக இருக்கட்டும்.

அறிகுறி 4: பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது, தண்ணீர் துடித்துத் துடித்து வருகிறது

பைப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் இப்படித்தான் ஓடும். முழுதாகத் திறந்தும் துடித்தால் பைப்பு முனையின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். மெலிந்த ஷவர் தலையும் இதே வேலையைச் செய்யும். அழுத்தம் தேக்கும் சிறு உருளை பொருத்தியிருந்தால் அதில் காற்று இறங்கியிருக்கும்: பம்பை அணைத்து, பைப்பைத் திறந்து அழுத்தத்தை முழுதாக விட்டபின், டயர் அளவுமானியால் அளந்து, பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 2 பி.எஸ்.ஐ. குறைவாக வையுங்கள். சைக்கிள் பம்ப் போதும். அழுத்த சுவிட்சின் நடு ஸ்குரூவைத் திருப்புவது கடைசி வழி; அதுவும் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

அறிகுறி 5: தண்ணீர் மெலிந்து வருகிறது

*ஒரே ஒரு பைப்பில்:* சல்லடை. வேறெதுவும் தேடாதீர்கள்.

*சுடுதண்ணீரில் மட்டும்:* ஹீட்டரின் மாற்றுவழி வால்வு (ஹீட்டரைத் தொடாமல் தண்ணீரைத் திருப்பிவிடுவது) பாதி நிலையில் இருக்கும். கைப்பிடிகளை, தண்ணீர் ஹீட்டர் வழியாகப் போகும் நிலைக்கு முழுதாகத் தள்ளுங்கள்.

*எல்லாவற்றிலும்:* ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் புது ஃபில்டர் போட வேண்டும், அவ்வளவுதான்.

*வெளிப் பைப்பில் மாட்டும்போது மட்டும்:* இது நம் ஊருக்கே உரிய சிக்கல். வீட்டுப் பைப்பு எல்லாமே தெருக் குழாயிலிருந்து நேராக வருவதில்லை. பல வீடுகளில் கூரை டேங்கியிலிருந்து இறங்கி வரும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.4 பி.எஸ்.ஐ.தான் அழுத்தம். கூரை டேங்கி 4 மீட்டர் மேலே என்றாலும் 6 பி.எஸ்.ஐ.கூட வராது, ஹீட்டருக்கும் ஷவருக்கும் அது எட்டாது. கிள்ளானில் உறவினர் வீட்டு வாசலில் நிறுத்தினாலும், “அண்ணே, இந்தப் பைப்பு மேல் டேங்கியா, நேர் தண்ணியா?” என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள். மேல் டேங்கிதான் என்றால் அந்தத் தண்ணீரை உங்கள் டேங்கியில் நிரப்பிக்கொண்டு பம்பிலேயே ஓட்டுங்கள்.

நேர்த் தண்ணீராக இருந்தும் மெலிந்தால் ஹோஸ் மடிப்பு, நுழைவாயின் சல்லடை, அழுத்தக் கட்டுப்படுத்தி. பித்தளையில் வரும் மலிவான சின்னக் கட்டுப்படுத்தி ஓட்டத்தை மிகவும் நெரிக்கும். அதற்காக அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். இரவில் ஊர் உறங்கும்போது தெருக்குழாயின் அழுத்தம் ஏறும். கேரவனின் பிளாஸ்டிக் இணைப்புகளுக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும். ஓட்டம் நெரியாத, அளவுமானி உள்ள கட்டுப்படுத்தியாக மாற்றி, அதைப் பைப்பு முனையிலேயே மாட்டுங்கள். அப்போதுதான் ஹோஸும் தப்பிக்கும். வண்டியை விட்டு வெளியே போகும்போது பைப்பை மூடிவிட்டுப் போங்கள்.

அறிகுறி 6: வெளிப் பைப்பு மாட்டியிருக்கும்போது டேங்கி தானாக நிரம்பி வழிகிறது

நிரப்பும் வால்வு ‘டேங்கி’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பம்பின் திரும்பா வால்வு போய்விட்டது; அறிகுறி 3இல் சொன்ன தனி வால்வுதான் மருந்து. அதுவரை வெளிப் பைப்பை மாட்டி வைக்காதீர்கள். காற்றுக்குழாயும் அடைத்திருந்தால் டேங்கி புடைத்து, தாங்கும் பட்டையைப் பிய்த்துவிடும். புடைத்த டேங்கி என்றால் உடனே தண்ணீரை வடித்துவிட்டு, பட்டறைக்கு.

அறிகுறி 7: நிரப்பும்போது தண்ணீர் முகத்திலேயே திருப்பித் துப்புகிறது

டேங்கிக்குள் தண்ணீர் போக வேண்டுமானால் காற்று வெளியேற வேண்டும். காற்றுக்குழாயின் வெளி முனையில் எறும்போ குளவியோ மண் அப்பியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு வலைத் துண்டைப் பொருத்துங்கள். குழாய் நடுவில் தொய்ந்து அந்த வளைவில் தண்ணீர் தங்கினாலும் இதே தொல்லை வரும், தூக்கிக் கட்டுங்கள். ஹோஸை முழுதாக உள்ளே திணிக்காமல், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து நிரப்பினாலே பல வண்டிகளில் துப்புவது நிற்கும்.

அறிகுறி 8: வாடை, ருசி, நிறம்

*பிளாஸ்டிக் வாடை:* தோட்டத்து ஹோஸ். குடிநீருக்கென்று விற்கும் ஹோஸ் வாங்கி, அதைத் தண்ணீருக்கு மட்டும் வையுங்கள். கழிவுத் தொட்டி கழுவும் ஹோஸோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

*பச்சை, வழவழப்பு:* வெயில் படும் இடத்தில் தெளிவான ஹோஸோ டேங்கியோ இருந்தால் பாசி பிடிக்கும். ஒளி புகாத ஹோஸ் போட்டு, டேங்கியை மூடி, கீழே சொல்வது போலக் கழுவுங்கள்.

*சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை:* சபர்பன் (அமெரிக்கத் தயாரிப்பு) வகை ஹீட்டர்களில் உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். ஹீட்டரின் உட்கலம் துருப்பிடிக்காமலிருக்கத் தானே கரைவது அதன் வேலை. தண்ணீரில் நாள்கணக்காகத் தேங்கிய கிருமியும் அந்தக் கம்பியும் சேர்ந்தால் இந்த வாடை வரும். ஹீட்டரை அணைத்து, முழுதாக ஆறவிட்டு, சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகே கம்பியைக் கழற்றுங்கள். அழுத்தத்தோடு கழற்றினால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கழுவி, அலுமினியம்-துத்தநாகக் கம்பி போட்டால் வாடை அநேகமாக நின்றுவிடும். ஹீட்டரின் கேஸ் பக்கத்தைத் தொட வேண்டி வந்தால் தெரிந்த ஆளிடம் விடுங்கள். அமெரிக்க வண்டி என்றால் ஹீட்டரின் மின்தண்டு 120 வோல்ட்டுக்கு ஆனது. நம் 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும்.

*மஞ்சள், பழுப்பு:* விநியோகம் நின்று திரும்ப வரும் முதல் நாளில் குழாய்க்குள் படிந்த வண்டல் கிளம்பி வரும். 2020 செப்டம்பரில் ஆற்று மாசினால் சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோதும், 2024 ஜனவரியில் சுங்கை டுவா நிலையத்தில் வால்வு மாற்றப் பினாங்கில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோதும் எத்தனை வீட்டில் வாளி வாளியாகக் கொட்டினார்கள் என்பது நினைவிருக்கும். வெள்ளை வாளி இங்கேதான் உதவும். ஹோஸை மாட்டும் முன் பைப்பை இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஒரு வாளி பிடித்துப் பாருங்கள். அடி தெளிவாகத் தெரிந்தால் நிரப்பலாம். கலங்கல் ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஃபில்டர், வடிகட்டி, பைப்பு முனை எல்லாம் வரிசையாக அடைக்கும்.

*ஆற்று நீர், அருவி நீர்:* ஜண்டா பாயிக், உலு லங்காட் பக்கத்து முகாம் இடங்களில் பைப்பில் வருவது மலைத்தண்ணீராக இருக்கலாம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். எலிச் சிறுநீர்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலைத்தண்ணீர் என்றால் டேங்கியில் ஏற்றாமல் தனிக் கேனில் பிடித்துப் பாத்திரம் கழுவ வையுங்கள். சமையலுக்கு என்றால் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். பிள்ளைகள் பல் தேய்ப்பதுகூட நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

டேங்கியைக் கழுவும் முறை

வாடை எதுவானாலும், வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீரோடு வெயிலில் நின்றிருந்தாலும் இதைச் செய்யுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண கிளோராக்ஸ் வேண்டும். போத்தலில் சுமார் 5.25 சதவீதம் என்று இருக்கும். 100 லிட்டர் டேங்கிக்கு 100 மில்லி.

1. பழைய தண்ணீரை முழுதாக வடித்து, ஃபில்டரின் உள்பொருளைக் கழற்றுங்கள். கரி ஃபில்டர் குளோரினைக் குடித்துவிடும். ஹீட்டர் அணைந்து ஆறியிருக்க வேண்டும்.
2. டேங்கியைப் பாதி நிரப்புங்கள். கிளோராக்ஸை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, மீதியை நிரப்புங்கள். சுத்தக் கிளோராக்ஸை நேராக ஊற்றாதீர்கள்.
3. பம்பைப் போட்டு, ஒவ்வொரு பைப்பையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். சுடுதண்ணீர், வெளி ஷவர், கழிவறை எதையும் விடாதீர்கள்.
4. குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள்; இரவு முழுதும் விட்டால் இன்னும் நல்லது. நடுவில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினால் டேங்கியின் மேல்பகுதியும் நனையும்.
5. வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி, எல்லா பைப்பிலும் ஓடவிட்டு மறுபடி வடியுங்கள். வாடை போக இரண்டு முறை ஆகும். பிறகு புது ஃபில்டர்.

வடித்த தண்ணீரை ஆற்றிலோ செடி மேலோ விடாதீர்கள்.

அறிகுறி 9: இணைப்பில் சொட்டு, எவ்வளவு முடுக்கினாலும் நிற்கவில்லை

திருகுமரை பொருந்தவில்லை. நம் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பது பிரிட்டிஷ் மரை. அமெரிக்க வண்டியில் இருப்பது அமெரிக்க மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் வேறு, இறுகாது. வெள்ளை டேப்பை எவ்வளவு சுற்றினாலும் இரண்டு நாளில் சொட்டும். இன்னும் முடுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். ஹோஸ் மாட்டும் முக்கால் அங்குல வாயில் மரையின் எண்ணிக்கையே வேறு, 11.5. சரியான மாற்று இணைப்பை முன்கூட்டியே ஆர்டர் செய்து இரண்டு வைத்திருங்கள். ரப்பர் வாஷர் உள்ள இணைப்பு எதுவும் கை முடுக்குக்கு மேல் கேட்காது; சொட்டினால் வாஷரை மாற்றுங்கள்.

அறிகுறி 10: மீட்டர் எப்போதும் ‘நிறைவு’ காட்டுகிறது, அல்லது தண்ணீர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்கிறது

மீட்டரின் ஊசிமுனைகளில் வழவழப்புப் படிந்தால் காலி டேங்கியையும் நிறைவாகக் காட்டும். மேலே சொன்ன கழுவலில் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் மீட்டரை நம்பாமல் கணக்கை நம்புங்கள். வடிகால் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தபின், வாளியை வைத்து ஒரு நிமிடத்தில் ஷவர் எவ்வளவு கொட்டுகிறது என்று அளவெடுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஐந்து நிமிடக் குளியல் 30 லிட்டர். நாலு பேர் குளித்தால் 100 லிட்டர் டேங்கி போதாது. அதே ஆள் வாளியில் மோந்து குளித்தால் 10 லிட்டரில் முடிப்பார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ வண்டியோடு போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டு, முதல் நாளே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கூட்டத்தில் நிரப்ப இடம் கிடைக்காது. தண்ணீர்ப் பந்தலின் பைப்பில் ஹோஸ் மாட்டாதீர்கள். அது வெயிலில் காவடி எடுத்து நடந்து வருகிறவர்களுக்கான தண்ணீர். கோலாலம்பூர்–பினாங்கு வழியில் ஆர் அண்ட் ஆர் என்னும் நெடுஞ்சாலை ஓய்விடங்களின் பைப்புகளில் நிரப்புவதானால் நிலையத்தாரிடம் கேட்டுவிட்டு, குடிக்கத் தக்கது என்று உறுதியானால் மட்டும், வாளியில் நிறம் பார்த்து நிரப்புங்கள். நீண்ட ஓட்டத்தில் டேங்கியை ஒன்று முழுதாக நிரப்புங்கள், இல்லை கால் பங்கோடு நிறுத்துங்கள்; பாதி டேங்கித் தண்ணீர் வளைவுகளில் அலை மோதி இழுவை வண்டியை ஆட்டும்.